ஒன்பது மணி வெயில்

அந்த ஊரில் காலை வெயிலின் விலை சதுர அடிக்கு நாற்பத்திரண்டு, மாத வாடகை. மேகம் போட்ட நாளில் கத்தரித்ததாக இருந்தால் முப்பத்தெட்டுக்கு முடியும். மொத்தமாக எடுத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்க இரண்டு சதுர அடி வேண்டும். பக்கத்தில் கணக்கு நோட்டும் வைக்க வேண்டுமென்றால் மூன்று. இந்த விலையை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை, அதிகம் என்றுதான் சொன்னார்கள். அநியாயம் என்றால் சண்டை போட வேண்டும். அதிகம் என்றால் பேரம் பேசினால் போதும்.

பேரம் அந்த ஊருக்கு மூச்சு மாதிரி. வைத்தியரின் கட்டணத்திலும் பேரம் உண்டு. கால் உடைந்து கட்டுப் போட வந்தவர், இன்னொரு கால் நன்றாகத்தானே இருக்கிறது, அதற்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்பார். சொன்ன விலைக்கு வாங்குகிறவன் பொருளையும் மதிக்கவில்லை, விற்கிறவனையும் மதிக்கவில்லை என்பது அவர்கள் எண்ணம். இந்தப் பேரத்தில் கடைசி ஆயுதம் நடை. விலை படியாதபோது வாங்க வந்தவர் எழுந்து, முகத்தில் துக்கத்தைப் பூசிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடப்பார். அவர் வாசல் பந்தலைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இறங்கிய விலைக்கு வியாபாரம் முடிந்தது. தாண்டிவிட்டால் அவ்வளவுதான், போனவர் திரும்பக் கூடாது, விட்டவர் பின்னால் ஓடக் கூடாது, முதலில் அசைந்தவர் தோற்றவர். ஒருவர் தன் சொந்த வீட்டிலிருந்தே இப்படி நடந்துபோய், மனைவி கூப்பிடாததால், எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்து நரைத்துப்போனார். இரண்டு பேரும் தினமும் ஒரே நேரத்தில் வாசல் கூட்டுவார்கள், பேசமாட்டார்கள்.

நடையில் அந்தக் கடைத்தெருவிலேயே பாதிவிலையை மிஞ்ச ஆள் இல்லை. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. எந்தப் பொருளுக்கும் சொன்னதில் பாதிக்கு மேல் கொடுத்ததில்லை என்பதால் ஊர் வைத்த பெயர் அது. சின்னவர்கள் மரியாதைக்குப் பாதிவிலை அக்கா என்பார்கள். பழைய சாமான் கடை வைத்திருந்தாள்: கால் ஆடும் நாற்காலிகள், பூட்டுத் தொலைந்த பீரோக்கள், யாரோ பிறந்து யாரோ செத்த கட்டில்கள். கணவர் லாரியோடு போய், லாரி மட்டும் திரும்பி வந்த பிறகு, அந்தக் கடையிலிருந்துதான் அவளும் அவளுடைய ஒரே மகளும் சாப்பிட்டார்கள். அவள் பந்தலை நோக்கி நடக்கிற அழகைப் பார்க்கவே கடைக்காரர்கள் விலையைக் கூட்டிச் சொல்வதுண்டு. தோளைத் தொங்கப்போட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போவாள். கூப்பிடாமல் இருக்கக் கல்நெஞ்சு வேண்டும்.

ஊரில் இருந்த ஒரே அரசு மேல்நிலைப் பள்ளியின் கூரை ஒரு விடுமுறை நாளில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஊருக்குக் கொடுக்கப்பட்ட கடைசி அதிர்ஷ்டம் அது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளை எண்ணெய்க்கடைக்காரர் சரக்கு அடுக்கி வைத்த பழைய கிட்டங்கியில் உட்கார வைத்தார்கள். கிட்டங்கிக்கு ஒரே ஒரு கதவு, அதற்கு மேலே கையகல வெளிச்சம். பாதிவிலையின் மகள் அங்கேதான் ஏழாம் வகுப்பை முடித்தாள். கெட்டிக்காரி. புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பிடித்து, வீட்டில் சோறு சாப்பிடும்போதும் தட்டை முகத்துக்குத் தூக்க ஆரம்பித்தாள். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்து, "பொண்ணை வெளிச்சத்துல படிக்க வைங்க. இப்படியே போனா அடுத்த வருஷம் இந்தக் கண்ணாடி பத்தாது" என்றார். தனியார் பள்ளிக்கு அனுப்ப அவளிடம் பணமில்லை. அதனால் புதிய அரசுப் பள்ளிக்குக் கட்டிடக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கக் குழு போடுகிறார்கள், பெற்றோர் தரப்பில் ஓர் ஆள் வேண்டும் என்று செய்தி வந்ததும், கடையைப் பூட்டிவிட்டு ஓடிப்போய்க் கையைத் தூக்கினாள். குழுவில் அவளோடு சேர்த்து ஐந்து பேர். ஜவுளிக்கடை முதலாளிதான் நகராட்சித் தலைவர், அவரே குழுவுக்கும் தலைவர். எண்ணெய்க்கடைக்காரர், கிட்டங்கி கொடுத்த தர்மவான் என்பதால். நகராட்சிப் பொறியாளர். ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கியிருந்த தலைமையாசிரியர். அவர் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை, சரி என்றும் சொன்னதில்லை, தொண்டையைச் செருமுவார்.

"பொதுக் காரியம். கறாரா இருக்கணும். தங்கச்சி இருக்கறப்ப எனக்கென்ன கவலை, பாதியில முடிச்சிரும்" என்று தலைவர் அவளைப் பார்த்துச் சொன்னபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பின்னாளில் அந்தக் குளிர்ச்சியை நினைத்தாலே அவளுக்குப் பற்கள் நறநறவென்று அரைபடும்.

விண்ணப்பித்தவர்களில் இரண்டு பேர் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் தலைவருடைய தங்கை மகளைக் கட்டியவர். உறவே இல்லாதவர்கள்கூட அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கென்று நகராட்சி ஒதுக்கியிருந்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மேட்டுத் திடல். அதை வீணாக்க வேண்டாம், கடைத்தெருவின் நடுவில் பழைய பள்ளி விழுந்த இடத்திலேயே கட்டலாம், நாலு பக்கமும் தெருவைப் பார்த்துக் கடைகள், நடு வயிற்றில் பள்ளிக்கூடம், கடை வாடகையில் பள்ளி நடக்கும் என்றார் மாப்பிள்ளை. வகுப்பு ஜன்னல்கள் எங்கே திறக்கும் என்று பாதிவிலை கேட்டாள். "கடைகளோட பின்சுவரைப் பார்த்துக்கா. பசங்களுக்குக் கவனம் சிதறாது பாருங்க" என்றார். கட்டணத்தில் கால்வாசியை அவராகவே குறைத்துக்கொண்டார். அதற்கு மேல், தலைவர் பெயர் பொறித்த நுழைவு வளைவு ஒன்று இலவசம். குழுவினர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் அந்த ஊரில் தூங்குகிற குழந்தையும் புன்னகைக்கும்.

இரண்டாவதாக வந்தது வெளியூர்க்காரப் பெண்மணி, குள்ளமாக, கையில் ஒரு தகரப் பெட்டியோடு. வரைபடம், அட்டையில் செய்த மாதிரி எதுவும் கொண்டு வரவில்லை. பெட்டியம்மா என்றுதான் ஊர் பிறகு அவரைச் சொன்னது. மேசைமேல் பெட்டியை வைத்துத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு துண்டு வெயிலை எடுத்து, விரிப்பு விரிப்பதைப் போல உதறி மேசையில் போட்டார். ஒரு போர்வை அகலம் இருந்தது. அப்போது சாயங்காலம் ஐந்தரை. மேசைமேல் மட்டும் காலை ஒன்பது மணி. பொறியாளரின் பேனா நிழல் சரியாக மேற்கே விழுந்தது. தலைமையாசிரியர் தன் கைரேகையைப் பல வருஷத்துக்குப் பிறகு கண்ணாடியில்லாமல் பார்த்தார்.

"உங்க திடல்ல எடுத்தது. நேத்துக் காலையில ஒன்பது மணிக்கு. அங்க கட்டினா ஒவ்வொரு வகுப்புலயும் இதுதான் விழும், பள்ளிக்கூடம் விடற வரைக்கும். இது மாதிரிக்கு" என்றார் அந்தம்மா. தொகையையும் சொன்னார். மாப்பிள்ளை சொன்னதைவிடச் சற்று அதிகம், கொள்ளை என்று சொல்ல முடியாது.

பாதிவிலை மேசை விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது. இந்த வெளிச்சத்தில் மகள் புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்கலாம், தட்டைத் தரையில் வைத்துச் சாப்பிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. எந்த வெள்ளிப் பாத்திரத்தையும், எந்தத் தேக்குக் கட்டிலையும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்ட பொருளை எப்படி வாங்குவது என்று அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். முகத்தைச் சுளித்தாள்.

"ஒரு வகுப்புக்கு எத்தனை ஜன்னல்மா?" என்றார் தலைவர்.

"ஆறு."

"மூணு போடுங்க."

"மூணு போட்டா வெயில் பாதிதான் வரும்."

"பாதியே ஜாஸ்தி. பசங்க என்ன துணியா காயப்போடப் போறாங்க?" என்றார் எண்ணெய்க்கடைக்காரர்.

"ரெண்டு பேருக்கும் வேணாம், நாலு ஜன்னலுக்கு முடிங்க. உங்க தொகையில கால்வாசி இறங்கி வாங்க" என்றாள் பாதிவிலை. உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

பெட்டியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இதுல குறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

அந்த ஊரில் இது பேரத்தின் தொடக்கம். எந்தக் கடைக்காரரும் சொல்கிற முதல் வாக்கியம். அதனால் பாதிவிலை பெருமூச்சு விட்டாள், நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள், தோளைத் தொங்கப்போட்டு நடக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் தலைவர், எண்ணெய்க்கடைக்காரர், பொறியாளர், கடைசியில் செருமிக்கொண்டே தலைமையாசிரியர். ஐந்து பேரும் தங்கள் அறையிலிருந்தே நடந்து வெளியே போய், மாடிப்படியில் இறங்கி, கூப்பிடு குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நடுப்படியில் நின்றார்கள். கூப்பிடவில்லை. தலைவர் வாட்சைப் பார்த்தார். கூப்பிடவில்லை. மேலே போகிற டீ மேலே போனது, குடிக்க ஆளில்லாமல் திரும்பி வந்தது. பாதிவிலை எட்டி மேலே பார்த்தாள். யாராவது போய்ப் பார்க்கலாமே என்றாள். "நீ போ" என்றார் தலைவர். அவள் ஒரு காலைத் தூக்கி மேல்படியில் வைத்தாள். நான்கு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் காலைக் கீழே வைத்துவிட்டாள். இருட்டிய பிறகு, நின்று நின்று முட்டி வீங்கிய தலைமையாசிரியரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, யார் முதலில் திரும்பியது என்ற பேச்சு வராதபடி ஐந்து பேரும் ஒரே சமயத்தில் மேலே ஏறினார்கள். பெட்டியம்மா பின்பக்கப் படி வழியாகப் போய்விட்டிருந்தார். மாதிரி மட்டும் மேசைமேல் கிடந்தது. அறைமுழுக்க ராத்திரி, மேசைமேல் ஒன்பது மணி.

பாதிவிலை பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். வாங்கப் போன இடத்தில் விற்கிறவர் பின்னால் ஓடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைத்தெருவில் பார்த்தவர்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து வழிவிட்டார்கள். பெட்டியம்மா பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பெட்டி மடியில்.

"ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா? படியிலதான் நின்னோம், அத்தனை பேரும்!" என்று கத்தினாள்.

"எதுக்கு நின்னீங்க?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னுதான்!"

அந்தம்மா புரியாமல் பார்த்தார். "நீங்க எழுந்து போனீங்க. வேணாம்னு நினைச்சேன். வேணாங்கறவங்களை எப்படிங்க கூப்பிடறது?"

பாதிவிலை கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "முழு விலைக்கே எடுத்துக்கறோம்" என்றாள். அந்தச் சொல் அதுவரை அவள் வாய்க்கு வந்ததே இல்லை; வெளியே வரும்போது கூடவே ஒரு கடைவாய்ப் பல்லும் கழன்று வந்து உள்ளங்கையில் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, இன்னொரு தடவையும் சொன்னாள்.

"நீங்க சொன்னா போதாதுங்க. அஞ்சு பேரும் சொல்லணும். சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்றார் பெட்டியம்மா. வண்டி புறப்பட்டது.

மறுநாள் கூட்டத்தில் அவள் சொன்னாள், கெஞ்சினாள், மேசைமேல் கிடந்த வெயிலைக் கையால் தட்டித் தட்டிக் காட்டினாள். அவர்களும் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண் கூசியதால் தலைவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நம்மளை நடக்க விட்டவ. அவளைக் கூப்பிட்டு வேலை குடுத்தா நாளைக்குக் கடையில எவன் நம்மகிட்ட இறங்கி வருவான்?" என்றார். பொறியாளர் மதிப்பெண் போட்டார். உறுதிக்கு, அனுபவத்துக்கு, சிக்கனத்துக்கு, நுழைவு வளைவுக்கு என்று கட்டங்கள் இருந்தன. வெளிச்சத்துக்குக் கட்டம் இல்லை, அதனால் போட முடியவில்லை என்று மனப்பூர்வமாக வருந்தினார். தலைமையாசிரியர் செருமினார். நாலுக்கு ஒன்று என்று மாப்பிள்ளை ஜெயித்தார். நடந்ததில் இது ஒன்றுதான் அதிசயம் என்று பாதிவிலை பிற்பாடு சொல்வாள். வெயிலைப் பெட்டியில் கொண்டு வருவது ஒரு வேலை தெரிந்தவளின் திறமை. கண்ணெதிரே கிடக்கிற வெயிலை நாலு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் அவள் தலைக்கு எட்டவே இல்லை.

மாதிரியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைத்தெருவில் மாதிரி என்றால் வந்தவரைக்கும் லாபம். துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தலைவரே கொண்டு வந்து ஐந்தாகப் பங்கு போட்டார். தலைவரின் துண்டு ஜவுளிக்கடையில் ஆணி அடித்து மாட்டப்பட்டது. துணியின் உண்மை நிறம் ராத்திரியிலும் தெரிந்ததால் வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. பொறியாளர் மாடியில் மல்லி போட்டார், எண்ணெய்க்கடைக்காரர் அப்பளம் காயவைத்தார். பாதிவிலை தன் பங்கைத் தூக்கி எறியத்தான் நினைத்தாள். வீட்டில் மகள் தட்டை முகத்துக்குத் தூக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அதை அவள் படிக்கிற மூலையில் விரித்துப் போட்டாள். கொஞ்ச நாளில் ஒன்று தெரிந்தது. அந்த வெயில் நகம் மாதிரி ஓரத்தில் வளர்ந்தது. வாரம் ஒரு முறை வெட்டலாம். வெட்டிய கீற்றும் ஒன்பது மணியாகவே இருந்தது.

மாப்பிள்ளையின் பள்ளிக்கூடம் ஒன்றரை வருஷத்தில் முடிந்தது. இலவச வளைவு கடைத்தெருச் சந்துக்குள் நுழையாத அகலத்தில் இருந்ததால், அதை மட்டும் கொண்டுபோய் மேட்டுத் திடலில் நட்டார்கள்; தலைவர் பெயரைத் தாங்கிக்கொண்டு, பின்னால் எதுவும் இல்லாமல், புல்லுக்கு நடுவே நின்றது. கடைகள் நான்கு பக்கமும் ஜேஜே என்று நடந்தன. நடு வயிற்றில் இருந்த வகுப்புகளுக்குள் பொழுது விடியவே இல்லை. காலையில் உள்ளே போன பிள்ளைகள் ராத்திரிக்குள் போனார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது சுவரில் பல்லிகள் கத்தின. குழல்விளக்கு போட்டார்கள். விளக்கு எரிந்தது, எரிகிறது என்று தெரிந்தது; அதற்குக் கீழே இருந்த பிள்ளை தெரியவில்லை. கரும்பலகையில் எழுதியதை விரலால் தடவிப் படித்தார்கள். இருட்டு பிள்ளைகளின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. தாய்மார்கள் சீருடையைக் கல்லில் அடித்தால் தண்ணீர் மை போல ஓடியது, எத்தனை சோப்புப் போட்டாலும் காலரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாதிவிலையின் மகளுக்கு வீட்டில் ஒன்பது மணி, பள்ளியில் நடுராத்திரி. இரண்டுக்கும் நடுவே தினமும் போய் வந்து அலுத்துப்போன அவளுடைய இடது கண், ஒரு நாள் இருட்டின் பக்கமே தங்கிவிட்டது. வலிக்கவில்லை என்றாள். "இந்தப் பக்கம் மட்டும் ஸ்கூல் விடவே இல்லம்மா" என்றாள்.

அந்த வருஷம்தான் தலைவர், பிள்ளைகள் நிலையைப் பார்த்து மனம் தாங்காமல், தன் கடையில் வளர்கிற வெயிலைப் பள்ளிக்கு வாடகைக்குத் தர முன்வந்தார். நகராட்சி ஒப்புக்கொண்டது, நகராட்சியும் அவர்தான். அரசுப் பள்ளி என்பதால் படிப்பு இலவசம், வெயில் கட்டணம் தனி. சதுர அடிக்கு நாற்பத்திரண்டு. கட்டியவர்கள் முன்வரிசையில் வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள், கட்டாதவர்கள் பின்னால் இருட்டில். ஒரு மாதம் கட்டி மறுமாதம் கட்ட முடியாதவர்களைப் பாடத்தின் நடுவே எழுப்பி, காலடியிலிருந்து வெயிலைச் சுருட்டி எடுத்தார் பள்ளிக் காவலாள். மூட்டை தூக்குகிறவரின் மகளிடமிருந்து அப்படி எடுத்தபோது, அவள் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. பக்கத்தில், அம்மா வாடகை கட்டிய இரண்டு அடி வெயிலில் இருந்த பாதிவிலையின் மகள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "என் ரெண்டு அடியில ஒரு அடி அவளுக்குக் குடுத்துட்டேன். ஒரு கண்ணுக்கு ஒரு அடி போதும்ல?" என்றாள்.

பாதிவிலை எழுந்தாள். மூலையில் கிடந்த வெயிலைச் சுருட்டினாள். அவள் அதை ஒரு முறைகூட வெட்டி விற்றதில்லை. இரண்டரை வருஷம் வளர்ந்து, சுருட்டினால் பாய் கனத்துக்கு இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய், மகளின் வகுப்பில் சுவரிலிருந்து சுவருக்கு விரித்தாள். அந்தக் கட்டிடத்துக்குள் பிள்ளைகள் அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குரலை வைத்துக் குண்டன் என்று நினைத்திருந்தவன் ஒல்லியாக இருந்தான். இரண்டு பெண்கள், பகை என்று நினைத்திருந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இது மதியம் வரை நடந்தது. மதியத்துக்கு மேல் காவலாள் நாலு ஆட்களோடு வந்து, அனுமதியில்லாத வெயில் என்று சொல்லி, சுருட்டிக் கொண்டுபோய் ஜவுளிக்கடையில் போட்டார். வாசலில் கைகட்டி நின்ற தலைமையாசிரியர், ஓய்வு பெற்றும் பதவி நீட்டிப்பில் இருந்தவர், செருமினார்.

அவள் நேராக ஜவுளிக்கடைக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் மகள், மகளுக்குப் பின்னால் வகுப்பு, வகுப்புக்குப் பின்னால் மற்ற வகுப்புகள். கடை நிறைந்து தெருவும் நிறைந்தது. தலைவர் கல்லாவில் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அவருடைய வெயில் கண்ணைப் பறித்தது. அவளுடைய வெயில் மூலையில் சுருட்டிக் கிடந்தது.

"என்ன தங்கச்சி, பட்டாளத்தோட வந்திருக்க?"

"என்னுதைக் குடுங்கண்ணே."

"உன்னுதுன்னு பில் இருக்கா?"

"உங்களுதுக்கு இருக்கா? இது எங்கிருந்து வந்ததுன்னு நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க. திருட்டுச் சாமானை வெட்டி வெட்டிப் புள்ளைங்களுக்கு வாடகைக்கு விடறீங்களே, உங்களுக்குச் சோறு இறங்குதா?"

தலைவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டால் வியாபாரம் கெடும். "சரி, நம்ம பழக்கத்துக்கு ஒண்ணு பண்றேன்" என்றார். "உன் பொண்ணுக்கு மட்டும் இருபத்தொண்ணு. பாதி விலை. உனக்குப் பிடிச்ச விலைதானே?" கடைப் பையன்கள் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள், பல் போன இடம் தெரிந்தது. "வேணாம்ணே. நான் நடக்கறேன்" என்றாள்.

திரும்பி நடந்தாள். இந்தத் தடவை தோள் தொங்கவில்லை. பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஏனென்றால் அவள் போய்க்கொண்டிருந்தது பந்தலை நோக்கி. தலைவர் கூப்பிட்டிருக்கலாம். ஒரு சொல் போதும். அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தவர்கள் உண்டு; ஆனால் எதிரே எண்ணெய்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பொறியாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஊரே பார்த்தது. தலைவர் வாயை மூடிக்கொண்டார். அவள் பந்தலைத் தாண்டினாள். கடைசிப் பிள்ளையும் தாண்டியது. அவர்களுக்குப் பின்னால், கூப்பிடாத பொருள் தானும் எழுந்து போவதைப் போல, மூலையில் கிடந்த வெயில் சுருள் பிரிந்து தரையோடு தவழ்ந்து வெளியே வந்தது. சுவரிலிருந்த வெயில் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியது. மல்லித் தொட்டியிலிருந்து ஒரு துண்டு, அப்பளத் தட்டிலிருந்து ஒரு துண்டு, தலைமையாசிரியர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டு, பள்ளியின் முன்வரிசைகளில் இருந்த கீற்றுகள் எல்லாம் கடைத்தெரு வழியாகப் பிள்ளைகளின் காலடியில் ஓடிவந்து சேர்ந்துகொண்டன. கடைகள் ஒவ்வொன்றாக மங்கின. ஒருவரும் பின்னால் ஓடவில்லை. ஓடக் கூடாதே.

எல்லாம் மேட்டுத் திடலில் போய் நின்றன, எடுத்த இடத்திலேயே. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். புல்தரையில் ஆறு ஆறாக, நீளமாக, ஜன்னல் வடிவத்தில் வெயில் விழுந்தது. குறுக்கே கம்பி நிழல்கூட இருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, ஜன்னலும் இல்லை. ஜன்னல் வழியாக வருகிற வெயில் மட்டும் இருந்தது. ஆறுக்கு மேல் ஒன்று இல்லை, ஆறுக்குக் குறைந்து ஒன்று இல்லை. எந்த வகுப்பு எங்கே முடிகிறது, வராந்தா எங்கே ஓடுகிறது என்பது வெயிலைப் பார்த்தாலே தெரிந்தது. மழை வந்தபோது அந்த வெயில் விழுந்த இடங்கள் நனையவில்லை. மறுநாள் ஆசிரியர்களும் வந்தார்கள், முதலில் கடன் கேட்க வந்தவர்கள் மாதிரி ஓரமாக, பிறகு வழக்கம்போல அதட்டிக்கொண்டு.

பாதிவிலையின் மகள் அங்கே படித்துத்தான் பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் முடித்தாள், ஒரு கண்ணால். இப்போது வேறு ஊரில் கட்டிடங்களுக்குப் படம் போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நகராட்சி அந்தத் திடலைத் தன் சாதனை என்று அறிவித்து, வருஷா வருஷம் வளைவுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறது. பிள்ளைகள் வளைவுக்குள் நுழைவதில்லை, சுற்றிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளையின் இருட்டில் வெங்காயம் முளைவிடாமல் இருப்பதைக் கண்டுபிடித்த தலைவர், அதைக் கிட்டங்கியாக வாடகைக்கு எடுத்து நன்றாகச் சம்பாதிக்கிறார். வெயிலின் விலைப் பலகையை இன்னும் கடையிலிருந்து எடுக்கவில்லை. நாற்பத்திரண்டு என்றுதான் இருக்கிறது. சரக்கு இல்லை, ஆனாலும் விலை விலைதானே என்கிறார், கேட்டவர்கள் தலையாட்டுகிறார்கள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பாதிவிலை மறப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை நகராட்சிக் கூட்டத்துக்குப் போய், பெட்டியம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதை எப்போது கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்பாள், பேரம் பேசாமல், முழுத் தொகையை. ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதுவார்கள். அவள் எழுந்து நடக்கமாட்டாள். அங்கேயே உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொல்வாள்:

"வெயில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு: வந்தது. வாசல் வளைவு ஒண்ணு: இலவசம். ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்குக் குடுத்தது: ஒண்ணும் இல்ல. என் பல்லு ஒண்ணு: அது என் புத்திக்கு நான் கட்டினது, விடுங்க. என் பொண்ணோட இடது கண்ணு ஒண்ணு: வரவுல இல்ல. பாக்கி நிக்குது."